பென்ஷன் வந்தவர்கள்

பட்டாளத்துக்காரர்கள் யாரும் "ரிடையர் ஆகிவிட்டேன்" என்று சொல்வதில்லை. "பென்ஷன் வந்துட்டேன்" என்பார்கள். லீவு வந்தேன், லீவு வந்தேன் என்று சொல்லிப் பழகிய வாய். வேலூர்ப் பக்கம் எங்கள் ஊர்களில் இந்தப் பேச்சு சாதாரணம். லீவு வந்தவன் இரண்டு மாதத்தில் காட்பாடி ஸ்டேஷனில் ரயிலேறிவிடுவான். பென்ஷன் வந்தவனுக்கு ஏற ரயில் கிடையாது. வயது முப்பத்தெட்டு, நாற்பது இருக்கும். மூத்த பெண் ஒன்பதாவது படித்துக்கொண்டிருப்பாள். பென்ஷன் என்பது கடைசிச் சம்பளத்தில் பாதி. மீதிப் பாதிக்கு அவன் புதிதாக ஒரு வேலை தேடியாக வேண்டும்.

நானும் அப்படி வந்தவன்தான். 1973-ல் தாம்பரத்தில் விமானப்படையில் சேர்ந்தேன். ஜாலஹள்ளியில் ரேடியோ ஃபிட்டர் பயிற்சி. பிறகு ஜோத்பூர், தேஜ்பூர், புஜ் என்று இருபது வருஷம். 1993-ல் சார்ஜென்டாக வெளியே வந்து, பெங்களூர் மல்லேஸ்வரத்தில் மாமனார் வீட்டு மாடியில் குடியேறினேன். அன்றிலிருந்து இந்தப் பேட்டையை விட்டு நகரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் யாராவது ஒரு பையன் என் வீட்டு வராந்தாவில் வந்து உட்காருவான். ஊர்க்காரனாக இருப்பான், இல்லையென்றால் ஊர்க்காரனோடு ஒரே யூனிட்டில் இருந்தவனாக இருப்பான். கையில் பிளாஸ்டிக் ஃபைல். போன மாதம் வந்தவன் பீரங்கிப் படையில் பதினேழு வருஷம் இருந்த நாயக். காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் கேட்டுவிட்டான்: "சார், செக்யூரிட்டி ஏஜென்சியில உங்களுக்கு யாரையாவது தெரியுமா?"

வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் முதலில் கேட்பது இதைத்தான். முப்பது வருஷமாகக் கேட்டுக் கேட்டு எனக்கு மனசு கனத்துப்போயிருக்கிறது. வாசல் காவல் கேவலமான வேலை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பதினேழு வருஷம் நாடு செலவழித்துப் பயிற்சி கொடுத்த ஒருவனுக்கு முதலில் தோன்றும் வேலை அதுவாக ஏன் இருக்க வேண்டும்? என் பெரியப்பா 1946-ல் பட்டாளத்தை விட்டு வந்தபோது அவர் வாயிலிருந்து இந்தக் கேள்வி வரவில்லை. இடையில் என்ன நடந்தது என்று தேடிப் பார்த்தேன்.

மல்லேஸ்வரத்துக்காரர்களுக்கு இந்தக் கதையின் முதல் ஆளைத் தெரியும். சாங்கி ஏரியைச் சுற்றித்தான் நாங்கள் தினமும் நடக்கிறோம். அந்த ஏரி 1882-ல் கட்டப்பட்டது. கட்டியவர் ரிச்சர்ட் சாங்கி, மெட்ராஸ் ராணுவத்தின் பொறியாளர் படை அதிகாரி. அயர்லாந்தில் பிறந்தவர். மைசூர் அரசின் தலைமைப் பொறியாளராக இருந்தார். இன்று உயர் நீதிமன்றமாக இருக்கும் அட்டாரா கச்சேரி, கப்பன் பூங்கா எல்லாம் அவர் கைபட்டவை. ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்றதும் அவர் ஊருக்குப் போய்ச் சும்மா இருக்கவில்லை. 1884-லிருந்து 1896 வரை அயர்லாந்தின் பொதுப்பணி வாரியத்துக்குத் தலைவராக இருந்தார். ராணுவத்தில் அவர் செய்த வேலைக்கும் வெளியே செய்த வேலைக்கும் ஒரே பெயர்: பொறியாளர். அதனால் சீருடையைக் கழற்றிய பிறகும் அவர் யாரிடமும் போய்த் தன்னை விளக்க வேண்டியிருக்கவில்லை. அதிகாரிகளின் கதை அன்றும் அப்படி, இன்றும் பெரும்பாலும் அப்படி. நான் பேச வந்தது சிப்பாயைப் பற்றி.

அதே மெட்ராஸ் ராணுவத்தில் 1780-ல் பயனியர்ஸ் என்ற பெயரில் தொடங்கிய படைதான் பின்னாளில் மெட்ராஸ் சேப்பர்ஸ் ஆனது. உல்சூர் ஏரிக்கரையில் இன்றும் அவர்கள் மையம் இருக்கிறது. பாலம் போடுவது, பாதை வெட்டுவது, கண்ணிவெடி எடுப்பது அவர்கள் வேலை. இந்திய ராணுவம் முழுக்க அவர்களுக்கு ஒரே பெயர், "தம்பி". பஞ்சாபி அதிகாரியும் தம்பி என்றுதான் கூப்பிடுவார். காலாட்படையில் துப்பாக்கி பிடிக்கத் தெரிந்தால் போதும். சேப்பருக்கு அதோடு ஒரு கைத்தொழிலும் தெரிந்திருக்க வேண்டும். தச்சு, கொல்லு, கொத்து, ஏதாவது ஒன்று.

பெரியப்பா 1941-ல் அங்கே சேர்ந்தார். எங்கள் குடும்பம் விவசாயக் குடும்பம். உளி பிடிக்க அவருக்குப் பட்டாளம்தான் கற்றுக்கொடுத்தது. பர்மாவில் பெய்லி பாலங்கள் போட்டார். 1946-ல் டிஸ்சார்ஜ். போர்க்காலத்தில் சேர்ந்தவர், ஐந்து வருஷ சர்வீஸ், அதனால் பென்ஷன் கிடையாது.

அவருடைய டிஸ்சார்ஜ் சான்றிதழ் இப்போது என்னிடம் இருக்கிறது. நாலாக மடித்து மடித்து, மடிப்பு வழியே கிழிந்து, பின்னால் டிரேசிங் பேப்பர் ஒட்டி வைத்திருக்கிறார். நம்பர், உயரம், இடது முழங்காலில் தழும்பு என்று அடையாளம். நடத்தை என்ற இடத்தில் 'எக்ஸெம்ப்ளரி' என்று மை ஊறிப் பரவிய எழுத்து. அதற்கு மேல் வரியில், டிரேட் என்ற இடத்தில் ஒரே சொல்: கார்பெண்டர். அந்தச் சொல்லின் மேல் மட்டும் காகிதம் பழுப்பேறி வழவழப்பாக இருக்கிறது. போகிற இடத்திலெல்லாம் அங்கே விரலை வைத்துக் காட்டியிருக்கிறார். ராஜா மில் என்று ஊர் சொன்ன மைசூர் ஸ்பின்னிங் மில்லில் தச்சுப் பிரிவில் அவருக்கு வேலை கிடைத்ததும் அந்தச் சொல்லால்தான். 1884-ல் தொடங்கிய மில் அது. மல்லேஸ்வரத்தின் தெற்கு முனையில் இருந்தது. இப்போது அங்கே மந்த்ரி மால் நிற்கிறது.

பெரியப்பா தனி ஆள் இல்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது இந்திய ராணுவத்தில் சுமார் 25 லட்சம் பேர் இருந்தார்கள். ஒருவரும் கட்டாயத்தில் சேர்ந்தவர் இல்லை என்று சொல்வார்கள். பஞ்சம் என்ற கட்டாயத்தை அந்தக் கணக்கில் யாரும் சேர்க்கவில்லை. இரண்டே வருஷத்தில், சுதந்திரம் வரும்போது, படை ஐந்து லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. அவ்வளவு பேரும் பெட்டியும் படுக்கையுமாக ஊர் திரும்பினார்கள்.

இவர்களை என்ன செய்வது என்று அன்றைய அரசு யோசித்ததில் பிறந்த ஒன்றை நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் எங்கே பிறந்தது என்பது அநேகமாக யாருக்கும் தெரியாது. 1945 ஜூலையில் டைரக்டரேட் ஜெனரல் ஆஃப் ரீசெட்டில்மென்ட் அண்ட் எம்ப்ளாய்மென்ட் என்று ஒரு துறையைத் தொடங்கினார்கள். அதன் கீழ் ஊர் ஊராக ஓர் அலுவலகம். படையிலிருந்து விடுபட்டவர்களையும், போர்க்காலத் தொழிற்சாலைகளிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களையும் பதிவுசெய்து, யாருக்கு என்ன தொழில் தெரியும் என்று வகைபிரித்து, ஆள் தேவைப்படும் இடத்துக்கு அனுப்புவது அதன் வேலை. அதன் பெயர் எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்ச்.

ஆமாம், எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு அப்பா நம்மை அழைத்துப் போய்ப் பதியவைத்த அதே அலுவலகம்தான். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க மறந்தால் சீனியாரிட்டி போய்விடும் என்று அம்மா காலண்டரில் வட்டம் போட்டு வைத்த அதே அட்டைதான். தமிழ்க் குடும்பங்கள் இருபது வருஷம், இருபத்தைந்து வருஷம் காத்திருந்த அந்த வரிசை, சிப்பாய்க்காகப் போட்ட வரிசை. பிரிவினைக்குப் பிறகு அகதிகள் அதில் சேர்ந்தார்கள். 1948-ல் வேலை தேடும் எல்லோருக்கும் கதவு திறந்தது. 1956 நவம்பர் 1 முதல் அன்றாட நிர்வாகம் மாநிலங்களின் கைக்குப் போனது. 1959-ல் சட்டம் போட்டார்கள். 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனங்களும் காலியிடத்தை எக்ஸ்சேஞ்சுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது சட்டம். தெரிவிக்க வேண்டும், அவ்வளவுதான். அங்கிருந்து வருகிறவரை எடுத்தே தீர வேண்டும் என்று சொல்லவில்லை. ஐ.டி.ஐ. என்று நாம் சொல்லும் தொழிற்பயிற்சி நிலையங்களின் வேரும் இதே இடத்தில்தான் இருக்கிறது. விடுபட்ட சிப்பாய்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்க நடத்திய வகுப்புகளின் தொடர்ச்சியாகத்தான் 1950-ல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் வந்தது.

இதற்கு முன்னால் முதல் உலகப் போர் முடிந்ததும், 1919-ல், இந்தியன் சோல்ஜர்ஸ் போர்டு என்று ஒன்று வந்திருந்தது. எங்கள் ஊர்க் கிழவர்கள் கடைசிவரை "சோல்ஜர் போர்டு ஆபீஸ்" என்றுதான் சொன்னார்கள். இன்றைய கேந்திரிய சைனிக் போர்டும் மாவட்டம்தோறும் இருக்கும் முன்னாள் படைவீரர் நல அலுவலகமும் அதன் வாரிசுகள். அது மனு வாங்கும், உதவித்தொகை கொடுக்கும், விதவைகளின் கணக்கைப் பார்க்கும். நல்ல காரியம். ஆனால் 1945-ல் வந்த துறை கேட்ட கேள்வி வேறு. "உனக்கு என்ன கஷ்டம்" என்று கேட்கவில்லை. "உனக்கு என்ன தொழில் தெரியும்" என்று கேட்டது. எனக்கு அந்தக் கேள்விதான் பெரிதாகத் தெரிகிறது.

பெங்களூருக்கு அந்தக் காலம் நல்ல காலம். 1940-ல் எச்.ஏ.எல்., 1948-ல் ஐ.டி.ஐ. டெலிபோன் தொழிற்சாலை, 1953-ல் எச்.எம்.டி., 1954-ல் பி.இ.எல். கடைசி இரண்டும் ஜாலஹள்ளியில், மல்லேஸ்வரத்திலிருந்து யஷ்வந்தபுரம் தாண்டினால் வந்துவிடும். பி.இ.எல். ராணுவத்துக்கு ரேடியோ செய்வதற்காகவே தொடங்கப்பட்டது. படையில் ரேடியோ பழகியவனுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் ஏது? என் மாமனார் கல்யாணம் பேச வந்தபோது சொன்னது நினைவிருக்கிறது: "காலையில ஃபாக்டரி பஸ் வரிசையா போகும் மாப்பிள்ளை. அதுல நாலு சீட்டாவது ஏர்ஃபோர்ஸ்காரங்களுக்கு இருக்கும்."

பிறகு என்ன ஆயிற்று? இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்று, இட ஒதுக்கீடு. 1979-ல் மத்திய அரசு விதி வகுத்தது: குரூப் சி வேலைகளில் 10 சதவீதம், குரூப் டி வேலைகளில் 20 சதவீதம் முன்னாள் படைவீரர்களுக்கு. பொதுத்துறை நிறுவனங்களிலும் வங்கிகளிலும் அது 14.5, 24.5 என்று இருந்தது. மெட்ரிக் படித்துப் பதினைந்து வருஷம் சர்வீஸ் போட்டவனை, ஒதுக்கிய குரூப் சி வேலைகளுக்குப் பட்டதாரியாக எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னது. என்னோடு இருந்தவர்கள் எத்தனையோ பேர் அதனால் வங்கிக் குமாஸ்தாவாகிப் பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். நன்றியோடு சொல்கிறேன். ஆனால் எண்ணைப் பாருங்கள். குரூப் டி என்றால் அன்று பியூன், வாட்ச்மேன். அங்கே இடம் அதிகம், மேலே இடம் குறைவு. சிப்பாய் இன்ன படியில் நிற்பவன் என்று அரசே ஒரு கோடு போட்டுக் காட்டிவிட்டது. அவனும் நம்பிவிட்டான்.

இரண்டாவது, 1991-க்குப் பிறகு அரசுத் தொழிற்சாலைகள் ஆள் எடுப்பதைக் குறைத்துக்கொண்டே வந்தன. எச்.எம்.டி. கடிகாரம் 2016-ல் ஓட்டத்தை நிறுத்தியது. அதே வருஷங்களில் பெங்களூரில் ஐ.டி. கம்பெனிகளும் அடுக்குமாடிகளும் எழும்பின. எல்லாவற்றுக்கும் வாசல், வாசலுக்கு ஆள். பாதுகாப்பு அமைச்சகத்தின் மறுகுடியமர்வு இயக்குநரகமே முன்னாள் வீரர்களின் செக்யூரிட்டி ஏஜென்சிகளைப் பதிவுசெய்து அனுப்புகிறது. தமிழ்நாட்டில் 1986-ல் தொடங்கிய முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோ ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்டிருக்கிறது. அந்தச் சீருடையை அரசு ஆஸ்பத்திரிகளில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். இப்படித்தான் அந்த நாயக்கின் கேள்வி உருவானது.

1992-ல், கடைசி வருஷம் தொடங்கியபோது, எனக்கும் வேறு யோசனை இருக்கவில்லை. யூனிட்டில் நோ-அப்ஜெக்ஷன் வாங்கினேன். வெளியே வந்து மல்லேஸ்வரத்தில் குடியேறிய பிறகு, எட்டாவது கிராஸில் சனிக்கிழமை சாயங்காலம் எம்ப்ளாய்மென்ட் நியூஸ் வாங்கி, சம்பிகே ரோட்டு விளக்கு வெளிச்சத்திலேயே பிரித்துவிடுவேன். வங்கித் தேர்வு எழுதினேன், இரண்டு தடவையும் கணக்கில் போயிற்று. ஒரு தனியார் கம்பெனி இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டது. பயோடேட்டாவைப் பார்த்த அதிகாரி, "ரேடியோ ஃபிட்டரா? ரேடியோ ரிப்பேர் எங்களுக்கு வேண்டாமே. மிலிட்டரி ஆள், டிசிப்ளின் இருக்கும். கேட்டில் ஒரு போஸ்ட் இருக்கிறது" என்றார். அவர் கெட்டவர் இல்லை. நான் எழுதிக்கொடுத்ததை அப்படியே படித்தார். பஸ் ஏறாமல் நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

பக்கத்து வீட்டில் ஒரு மாமா இருந்தார். டாடா இன்ஸ்டிடியூட் என்று இங்கே சொல்லும் இந்திய அறிவியல் கழகத்தின் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். என் முகத்தைப் பார்த்துவிட்டு, பயோடேட்டாவைக் கேட்டு வாங்கினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார்.

"ரேடியோ ஃபிட்டர் கிரேடு ஒன்னுன்னு போட்டிருக்கேள். இது உங்க ஏர்ஃபோர்ஸுக்குத் தெரியும். வெளியில எவனுக்குத் தெரியும்? காலையில எழுந்து என்ன பண்ணுவேள், அதைச் சொல்லுங்கோ."

"ராடார் ஷெட்டுக்குப் போவேன் மாமா. டிரான்ஸ்மிட்டர் டெஸ்ட் பண்ணுவேன்."

"எத்தனை வோல்ட்டு?"

"கிலோவோல்ட்டுல இருக்கும்."

"அதை எழுதுங்கோ. சர்க்யூட் படம் படிப்பேளா? ரஷ்யா சாமானா? ரஷ்ய எழுத்து இருக்கிற படத்தைப் பார்த்து வேலை செஞ்சேளா? எழுதுங்கோ. ஸ்பேர் பார்ட்ஸ் கணக்கு யார் வச்சிண்டா? எத்தனை பேர் உங்களுக்குக் கீழே?"

பன்னிரண்டு பேர். ஷிஃப்ட் போட்டது நான். ஏழு வருஷம் ஸ்டோர் லெட்ஜரில் ஒரு வால்வு குறையவில்லை. இதையெல்லாம் ஒரு தகுதி என்று நான் நினைத்ததே இல்லை. டியூட்டி என்று நினைத்திருந்தேன். மாமா மூன்று சாயங்காலம் கேள்வி கேட்டார். நாலாவது நாள் ஒன்றரைப் பக்கத்தில் புதிய பயோடேட்டாவை மார்கோசா ரோட்டில் டைப் அடித்து வாங்கினேன். இரண்டு மாதத்தில் பீன்யாவில் மின் சோதனைக் கருவிகள் செய்யும் ஒரு சின்னத் தொழிற்சாலையில் டெஸ்டிங் சூப்பர்வைசர் வேலை. அங்கே பதினெட்டு வருஷம் இருந்தேன்.

பெரியப்பாவின் காகிதத்தில் ராணுவமே எழுதிக்கொடுத்த சொல்லை, எனக்குப் பக்கத்து வீட்டு மாமா எழுதிக்கொடுத்தார்.

அதனால் போன மாதம் வந்த அந்த நாயக்கிடம் ஏஜென்சி நம்பரைக் கொடுக்கவில்லை. "அங்க என்ன வேலை தம்பி பாத்தீங்க?" என்று கேட்டேன். "ஆர்ட்டிலரிதான் சார்." "அது யூனிட். நீங்க என்ன செஞ்சீங்க?" தயங்கித் தயங்கிச் சொன்னான். சர்வேயர். பீரங்கியை நிறுத்தும் இடத்தை அளந்து குறிப்பவன். தியோடலைட், டோட்டல் ஸ்டேஷன் எல்லாம் கைப்பழக்கம். மலைமேல் பனியில் நின்று அளந்திருக்கிறான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மெட்ரோவும் மேம்பாலமும் ரோடும் நாள் தவறாமல் தோண்டிக்கொண்டிருக்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு, அளக்கத் தெரிந்த ஒருவன் கேட்டில் நிற்க இடம் கேட்கிறான்.

ஆனால் ஒரு கஷ்டம் இருந்தது. சிவில் சான்றிதழ் அவனிடம் இல்லை. கடைசி வருஷத்தில் படைவீரர்களுக்கென்று நடக்கும் மறுகுடியமர்வுப் பயிற்சிக்கு விண்ணப்பிக்காமல் விட்டுவிட்டான். "லீவு கிடைச்சுது சார், வீடு கட்டுற வேலை இருந்துது" என்றான். யாரைக் குறை சொல்ல? எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். கடைசி வருஷம் என்றால் வீடு, நிலப் பத்திரம், தங்கை கல்யாணம். வேலையைப் பற்றி யோசிக்கிற நாள் டிஸ்சார்ஜ் புத்தகம் கைக்கு வந்த மறுநாள்தான். வெளியே வருவதற்கு இரண்டு வருஷம் முன்பே தொடங்க வேண்டிய காரியம் இது. எந்தப் பயிற்சி, எந்தச் சான்றிதழ், எந்த ஊர் என்று தீர்மானிக்க அவ்வளவு காலம் வேண்டும். இப்போது அவனைச் சர்வே பயிற்சியில் சேரச் சொல்லியிருக்கிறேன். பயோடேட்டாவை இரண்டு ஞாயிறு உட்கார்ந்து எழுதினோம்.

இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 60,000 பேர் படையிலிருந்து பென்ஷன் வருகிறார்கள். இனிமேல் வரப்போகிறவர்களில் ஒரு பகுதிக்கு அந்தச் சொல்லே பொருந்தாது. 2022 ஜூனில் அறிவித்த அக்னிபாத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு நான்கு வருஷம்தான். நாலில் ஒருவரை அதிகபட்சமாக வைத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் சுமார் 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதியோடு வீடு திரும்ப வேண்டும். பென்ஷன் இல்லை, கிராஜுவிட்டி இல்லை. முதல் தொகுதி 2022 கடைசியிலும் 2023 தொடக்கத்திலும் பயிற்சிக்குப் போனது. கணக்குப் போட்டால் 2026 முடியும்போது அவர்கள் காட்பாடியிலும் கன்டோன்மென்ட்டிலும் ரயிலைவிட்டு இறங்குவார்கள். 1946-க்குப் பிறகு, பென்ஷன் இல்லாத இளைஞர்கள் இப்படிக் கூட்டமாகத் திரும்புவது எனக்குத் தெரிந்து இப்போதுதான். துணை ராணுவத்திலும் பாதுகாப்புத் துறை நிறுவனங்களிலும் 10 சதவீதம் ஒதுக்கீடு என்று 2022-ல் அறிவித்தார்கள். அது போதாது. 1945-ல் வெள்ளைக்கார அரசு செய்ததையாவது நம் அரசு செய்ய வேண்டும்: ஒவ்வொருவனுக்கும் என்ன தொழில் தெரியும் என்று கேட்டு, அதை வெளியுலகம் அறிந்த சொல்லில் எழுதிக் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும்.

அதுவரை அந்த வேலையை வீட்டிலிருப்பவர்கள்தான் செய்தாக வேண்டும். உங்கள் வீட்டுப் பிள்ளையோ அக்கம்பக்கத்துப் பிள்ளையோ படையில் இருந்தால், அடுத்த தடவை போனில் பேசும்போது சாப்பாடும் குளிரும் விசாரித்த பிறகு, அவன் டிரேட் என்ன, அதற்கு சிவில் சான்றிதழ் வாங்கிவிட்டானா என்று கேளுங்கள். இல்லை என்றால், சீருடையில் இருக்கும்போதே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.